படுத்துக்கொண்டு போகும் சீட்

ஜனவரி 7

அக்காவுக்கு,

நேற்று லைன் கட் ஆகவில்லை. நான்தான் போனை வைத்தேன். நீ இரண்டு தடவை "ஹலோ" என்றதையும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

இந்த விஷயம் முடியும்வரை இனி எழுத்துதான். அப்பா போட்ட சட்டம் உனக்கு மறந்திருக்காது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்து அவர் பகலில் தூங்குவார். நாம் சீப்புக்கும் ஜன்னலோரத்துக்கும் அடித்துக்கொள்வோம். "சண்டை போடணும்னா எழுதிப் போடுங்க. சத்தம் என் காதுல விழக் கூடாது" என்றார். ஒரே கட்டிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, நோட்டுத் தாளைக் கிழித்துக் கிழித்துத் திட்டிக்கொண்டவர்கள் நாம். கல்யாணமாகி இரண்டு ஊருக்குப் போன பிறகும் நல்ல பேச்சு போனில், சண்டை தபாலில் என்றுதானே வைத்திருக்கிறோம்? இந்தத் தடவை அதை மீறிப் போனிலேயே ஆரம்பித்தது நீ.

நாலு வருஷமாக என் லாண்டரிக்கு வாங்குகிற சோப்புத் தூள், பிளீச், மெஷின் பெல்ட், கரண்ட் பில் எல்லாவற்றையும் நீ எடுத்துக் கொடுத்த கிரெடிட் கார்டில் தேய்க்கிறேன். அது உன் கணக்கோடு சேர்ந்த கார்டு. பாயிண்ட் எல்லாம் உன் கணக்கில் விழுகிறது. "நீ தேய்டி, நான் சேக்கறேன். ரெண்டு பேரும் ஒரு தடவை எங்கயாவது போய்ட்டு வருவோம்" என்றாய். புருஷன் இல்லாமல், பிள்ளைகள் இல்லாமல், நீயும் நானும். நான் ஒரு மாதம்கூட பில் கட்டத் தவறியதில்லை. எப்போது போகிறோம் என்று கேட்டால் மட்டும் உன்னிடம் ஒரே பதில்: "இப்ப எடுத்தா வேல்யூ இல்லடி."

இப்போது கேள். நான் துணி எடுக்கிற பெரிய ஓட்டலை மே மாதம் இரண்டு வாரம் ரிப்பேருக்காக மூடுகிறார்கள். என் மெஷின்கள் சும்மா நிற்கும். திறந்தவுடன் அவர்களோடு புது ஒப்பந்தம், ராத்திரி வேலையும் சேர்த்து, மூன்று வருஷத்துக்கு. வீட்டுக்காரர் கையெழுத்தே போட்டாயிற்று. அதற்கப்புறம் என்னால் ஒரு நாள்கூட நகர முடியாது. அந்த ஓட்டல்காரர்களுக்கு வெளிநாட்டில் ஒரு தீவில் இன்னொரு ஓட்டல் இருக்கிறது. மேனேஜர் அங்கே ஒரு ரூமை, இரண்டு கட்டில் போட்ட ரூமை, ஊழியர் விலைக்கு நமக்காகச் சொல்லி வைத்துவிட்டார். விமான டிக்கெட் மட்டும்தான் பாக்கி.

எடு.

சிறுசு


ஜனவரி 16

சிறுசுக்கு,

உன் கடிதத்தை மருந்து ஸ்டோரில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். கவுன்டரில் நர்ஸ் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. "எடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய், என்னவோ கடையில் போய் உருளைக்கிழங்கு எடுக்கிற மாதிரி.

கொஞ்சம் நிதானமாகப் படி. நாம் சேர்த்திருக்கிற பாயிண்ட்டை வைத்து பேங்க் அனுப்புகிற கேட்லாகில் பொருள் வாங்கலாம். இரண்டு சூட்கேஸும் ஒரு இஸ்திரிப்பெட்டியும் கிடைக்கும். லாண்டரிக்காரிக்கு இஸ்திரிப்பெட்டி! அதே பாயிண்ட்டுக்கு பேங்க் வெப்சைட்டில் சாதாரண டிக்கெட் எடுத்தால் அதைவிட இரண்டு மடங்கு மதிப்பு. ஆனால் பாயிண்ட்டை விமானக் கம்பெனியின் கணக்குக்கு மாற்றி, அவர்கள் பாயிண்ட்காரர்களுக்கென்று ஒதுக்குகிற பிசினஸ் கிளாஸ் சீட்டைப் பிடித்தால் நாலு மடங்கு. நாலு மடங்குடி! போகும்போது இரண்டு பேரும் அதில் போகலாம், வரும்போது காசு கொடுத்து எப்படியாவது வந்து சேரலாம். பொத்தானை அழுத்தினால் சீட் அப்படியே கட்டிலாக விரியும். அதையே காசு கொடுத்து வாங்குவதென்றால் நீ ஒரு மெஷினை விற்க வேண்டியிருக்கும்.

அந்த மாதிரி சீட்டை ஒரு விமானத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே பார்க்கிறேன். இன்னொன்றையும் தெரிந்துகொள். ஒரு தடவை விமானக் கம்பெனிக்கு மாற்றிய பாயிண்ட் பேங்குக்குத் திரும்பி வராது. அதனால் சீட்டைக் கையில் பிடிக்காமல் மாற்றக் கூடாது. நான் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கவில்லை.

எதற்கு இவ்வளவு என்று கேட்பாய். உன் காலை நீ பார்த்துக்கொள்கிறாயோ இல்லையோ, நான் பார்த்தேன். போன தடவை வந்தபோது புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு படியேறினாய். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. பதினெட்டு வருஷம் ஈரத் தரையில் நின்ற கால் அது. அதைப் பதினோரு மணி நேரம் தொங்கப் போட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. படுத்துக்கொண்டு போக வேண்டும் நீ.

உன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு. சீட் கண்ணில் பட்டால் உடனே எண் கேட்பார்கள். மாப்பிள்ளை வேனுக்கு டயர் மாற்றியதை வேறு கார்டில் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வயிறு எரிகிறது.

பெரிசு


ஜனவரி 28

அக்காவுக்கு,

நாலு மடங்கு, நாலு மடங்கு. படித்துப் படித்து என் கனவில்கூட எண்கள் வருகின்றன.

முதல் வருஷம் கேட்டேன், பாயிண்ட் போதாது என்றாய். இரண்டாவது வருஷம் போதும் என்றாய், ஆனால் மாற்றினால் கூடுதலாகக் கொடுக்கிற சலுகை வரும், அதுவரை பொறு என்றாய். மூன்றாவது வருஷம் சலுகை வந்தது. பள்ளிக்கூட விடுமுறை, சீட் கிடைக்காது என்றாய். இந்த வருஷம் என்ன சொல்லப் போகிறாய் என்று நானே ஆர்வமாகக் காத்திருந்தேன்.

நேற்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "உங்க அக்கா டிக்கெட் எடுத்தாச்சா?"

"பாத்துட்டு இருக்கா" என்றேன்.

"நாலு வருஷமா பாக்கறாங்களே, கண்ணு வலிக்கல அவங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க அக்கா என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியுமா? உக்காந்த இடத்துல டிக்கெட் வருமா?" என்று எகிறிவிட்டேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். உன்னை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, அவர் சொன்னதை இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் என்னை இழுத்துவிட்டு நீ நிம்மதியாகக் காலையில் சீட் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

என் காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது என் கால். தினமும் நான்தானே அதன் மேல் நிற்கிறேன்.

பாஸ்போர்ட் நகல் இத்துடன் இருக்கிறது. அனுப்பத் தாமதமானதற்குக் காரணம் பீரோவின் உள் அறை பூட்டு கெட்டுப் போனதுதான், கோபம் இல்லை. கோபமும் இருந்தது.

எனக்குச் சாதாரண சீட் போதும். நடுவில் இருக்கிற சீட் என்றாலும் சரி. மேனேஜர் பார்க்கும்போதெல்லாம் "மேடம், டிக்கெட் போட்டாச்சா?" என்கிறார். நான் லாண்டரி பைகளை எண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சிறுசு


பிப்ரவரி 5

போனை ஏன்டி எடுக்கவில்லை?

அன்புள்ள, அக்கா, தங்கை எதுவும் எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை. திங்கட்கிழமை காலை ஸ்டோரைத் திறந்துவிட்டு, ஃபிரிட்ஜில் ஊசி மருந்தின் வெப்பநிலையைக் குறித்துவிட்டு, சும்மா ஒரு தடவை பார்த்தேன். இரண்டு சீட். நம் தேதி. பக்கத்துப் பக்கத்து சீட். நாலு வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வார்டு பையன் ஓடி வந்துவிட்டான்.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் நல்ல பெண். "ரெண்டு பேரோட பாஸ்போர்ட் நம்பரும் குடுத்தீங்கன்னா மூணு நாள் வரைக்கும் ஹோல்ட் பண்ணி வைக்கறேன் மேடம், அதுக்குள்ள பாயிண்ட் வந்துரணும்" என்றாள். என் எண் என் கையில் இருக்கிறது. உன் எண்? உனக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மாப்பிள்ளைக்கு அடித்தேன். எடுத்தார்.

"அவகிட்ட குடுங்க, ரொம்ப அவசரம்" என்றேன்.

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். அதைத் தாண்டி உன் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

"பாஸ்போர்ட் நம்பராவது பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சினேன். "பீரோ சாவி அவகிட்ட இருக்கு அண்ணி, இப்ப நான் கேட்டா என் தலையில ஏறி உக்காருவா" என்று வைத்துவிட்டார்.

எண் இல்லாமல் ஹோல்ட் பண்ண மாட்டார்கள். அவர்களும் என்ன செய்வார்கள்? சரி, பாயிண்ட்டை முதலில் மாற்றிவிடுவோம், அது போய்ச் சேருவதற்குள் உன் நகல் வந்துவிடும் என்று மொத்தத்தையும் மாற்றினேன். உடனே போய்ச் சேரும் என்று பேங்க் வெப்சைட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டு நாள் ஆனது. நேற்று போய்ச் சேர்ந்தது. சீட் முந்தாநாள் சாயங்காலமே போய்விட்டது.

நாலு வருஷப் பாயிண்ட்டும் இப்போது ஒரே விமானக் கம்பெனியின் கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பி எடுக்க முடியாது. சீட்டைக் கையில் பிடிக்காமல் மாற்றாதே என்று ஊருக்கே சொல்கிறவள் நான்.

உன் பாஸ்போர்ட் நகல் இன்று மத்தியானத் தபாலில் வந்தது. போட்டோவில் நீ சிரிக்கிறாய்.

பெரிசு


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன். "எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்றது நான்தான். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் வாயை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இதே மாதிரிதான் "ரொம்ப அவசரம்" என்று போன் பண்ணினாய். பாய்லர் பரிசோதனைக்கு ஆள் வந்து நிற்கிறார், நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து எடுத்தேன். என்ன அவசரம்? அன்று ஒரு நாள் மட்டும் இரட்டைப் பாயிண்ட், வருஷத்துக்கு வேண்டிய சோப்புத் தூளை இன்றே வாங்கிப் போடு என்றாய். வாங்கிப் போட்டேன். கூரைவரைக்கும் அடுக்கினேன். மழையில் ஈரம் ஏறி, பாதி மூட்டை சிமெண்டு மாதிரி இறுகிப்போனது. சுத்தியலால் உடைத்துத் துவைத்தோம். உன் "அவசரம்" என்றால் எனக்கு அந்தச் சுத்தியல்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நீ அழுதிருந்தால்கூட நான் வந்து போனை வாங்கியிருப்பேன். ரொம்ப அவசரம் என்றதால்தான் வாங்கவில்லை.

யார் தப்பு என்று இனி அலச வேண்டாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம். தெரியாத யாரோ இரண்டு பேர் நம் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். அதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது, உன் கூடச் சேர்ந்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. பாயிண்ட் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறது? அதே கம்பெனியின் அதே விமானத்தில் சாதாரண சீட் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பாயிண்ட்டைப் போட்டு இரண்டு டிக்கெட் எடுத்துவிடேன். கதை முடிந்தது.

சிறுசு


பிப்ரவரி 24

சிறுசுக்கு,

சாதாரண சீட் இருக்கிறது. நிறைய இருக்கிறது. பாயிண்ட்டுக்குத் தருகிறார்கள்.

ஆனால் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? படுக்கை சீட்டுக்கு என்ன பாயிண்ட்டோ, கிட்டத்தட்ட அதையே சாதாரண சீட்டுக்கும் கேட்கிறார்கள். அதற்கு மேல் வரி என்று தனியாகக் காசு வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இஸ்திரிப்பெட்டியைவிட மட்டமான மதிப்பு. நாலு வருஷம் நீ தேய்த்ததும் நான் காத்ததும் இஸ்திரிப்பெட்டிக்குக் கீழே போகிறது. இரண்டு தடவை எல்லாவற்றையும் நிரப்பி, கடைசிப் பொத்தான்வரை போய்விட்டு மூடிவிட்டேன்.

நீ சிரிப்பாய். உன் மாமாவும் சிரிக்கிறார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லையா, "ஆக்ஸிலேட்டர்ல காலே வைக்காம பிரேக்ல மட்டும் கால் வெச்சுட்டு வண்டி ஓட்டறவ நீ" என்கிறார். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் என் பக்கத்தையும் கேள். இந்த வீட்டை வாங்கும்போது தரகர் எங்களை ஏமாற்றினார். ஃபிரிட்ஜ் வாங்கிய மறு வாரம் விலை குறைந்தது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறகு வந்தவளுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். என்னிடம் எல்லாரும் லாபம் பார்த்தார்கள். இந்த ஒன்றில்தான் நான் யாருக்கும் ஏமாறாமல் இருந்தேன். அதையும் கடைசியில் நானே மட்ட விலைக்குத் தள்ளிவிடுவதென்றால் எனக்குத் தாங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜம் இதுதான்.

கோபப்படாமல் ஒன்று யோசி. அந்தக் கம்பெனியின் கணக்கில் பாயிண்ட் மூன்று வருஷத்துக்கு மேல் செல்லும். உன் ஒப்பந்தமும் மூன்று வருஷம்தானே? அது முடிந்ததும் ஆற அமர, நல்ல சீட்டாகப் பார்த்து, இரண்டு பேரும் ராணி மாதிரி போகலாம். மூன்று வருஷம் ஓடிவிடும்.

பெரிசு


மார்ச் 6

அக்காவுக்கு,

மூன்று வருஷம் ஓடிவிடுமாம். யாருக்கு?

நீ உன் ஸ்டோரில் மருந்தைத் தேதி பார்த்து அடுக்குவாயே, சீக்கிரம் கெட்டுப்போவதை முன்னாலும் நாள் இருப்பதைப் பின்னாலும். என்னைப் பின் வரிசையில் அடுக்கிவிட்டாய். எனக்கு நாள் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது?

பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. காலுக்குத்தான். போன வாரம் டாக்டரிடம் போனேன், நரம்பை ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஜூலைக்குள் வா என்கிறார். விமானத்தில் போகலாமா என்றும் கேட்டேன். "இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கங்க, அப்பப்ப எந்திரிச்சு நடங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். படுக்கை வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. அது நீ சொல்வது.

நேற்று அந்த ஓட்டலில் ரிப்பேருக்கு முன்னால் ஆறாவது மாடியைக் காலி செய்தார்கள். பழைய விரிப்புகளை எண்ணி எடுக்கப் போனேன். ஒரு ரூமில் யாரும் இல்லை. கட்டிலில் நான் துவைத்த விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு என்ன தோன்றிக்கொண்டிருந்தது தெரியுமா? எதிர்க் கட்டிலில் நீ இல்லையே என்று. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரிதான் நாம் கடைசியாக ஒரே ரூமில் படுத்தது. அன்றைக்கும் நீ தலைவலி என்று தூங்கிவிட்டாய்.

எனக்குப் பேச ஆள் இல்லை அக்கா. லாண்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேல் எல்லாரிடமும் கத்துகிறேன். வீட்டில் பில்லும் வேனும் பையனின் பரீட்சையும். அவர் நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணமே இல்லாமல் பேசிக்கொண்டிருக்க எனக்கு நீ மட்டும்தான். உன்னோடும் நாலு வருஷமாகப் பாயிண்ட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எனக்கு நாலு மடங்கு வேண்டாம். கால் மடங்கானாலும் பரவாயில்லை. மாதக் கடைசிக்குள் மேனேஜரிடம் பேர் கொடுக்க வேண்டும். உன்னிடமிருந்து டிக்கெட் வரவில்லை என்றால் ரூமை விட்டுவிடுகிறேன். இனி இதைப் பற்றிப் பேசவும் மாட்டேன், கார்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சிறுசு


மார்ச் 17

என் தங்கமே,

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டதடி!

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறாய், எனக்கு எப்படி இறங்கும்? சரி, மட்டமோ உசத்தியோ எடுத்துத் தொலைப்போம் என்று முடிவு பண்ணி உட்கார்ந்தேன். திறந்தால், நம் தேதியில் ஒரு படுக்கை சீட். போகவும் ஒன்று, வரவும் ஒன்று. மொத்தப் பாயிண்ட்டும் சரியாக அதற்குக் காணும். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. உன் பாஸ்போர்ட் எண் மனப்பாடம். அடித்தேன், அழுத்தினேன், டிக்கெட் வந்துவிட்டது. உன் பேரில்.

போகவும் வரவும் நீ படுத்துக்கொண்டுதான் போகிறாய். முன்னால் ஜன்னலோரம். போர்வை தருவார்கள், தலையணை தருவார்கள், காலுக்கு மெத்தென்று செருப்பு தருவார்கள். காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கு. உன் டாக்டர் வேண்டாம் என்றால் என்ன, நான் வேண்டும் என்கிறேன்.

எனக்கும் அதே விமானத்தில்தான் டிக்கெட். சாதாரண சீட், பின்னால், டாய்லெட்டுக்கு முந்தின வரிசை. காசு கொடுத்து வாங்கினேன். உன் மாமா நம்பவில்லை, இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டைப் பார்த்தார். நீ முன்னால், நான் பின்னால், நடுவில் ஒரு திரை அவ்வளவுதான். இறங்கினதும் சேர்ந்துகொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், நாலு மடங்குக்கு ஒரு துளி கூடவே வருகிறது. நாலு வருஷம் காத்தது வீண் போகவில்லை பார்த்தாயா? டிக்கெட் தாள் இரண்டும் இத்துடன் இருக்கிறது. மேனேஜரிடம் பேரைக் கொடு. கார்டைத் திருப்பி அனுப்பிவிடாதே.

பெரிசு


மார்ச் 26

அக்காவுக்கு,

தாளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். என் பேரைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் பிசினஸ் என்று போட்டு, நான் அந்த மாதிரித் தாளை இதுவரை தொட்டதில்லை. வீட்டுக்காரர் கொண்டுபோய் இஸ்திரி போடுகிற பெண்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார். "உங்க அக்காவ என்னமோ நெனச்சேன்" என்றார்.

அப்புறம் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். முன்னால் நான், பின்னால் நீ, நடுவில் திரை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் உனக்கு என்ன எழுதினேன்? பேச ஆள் இல்லை என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, சாப்பிடாமல் இருந்துவிட்டு, எழுந்து போய் என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறாய். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. உன்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்காவது இப்படிச் செய்யத் தோன்றுமா?

விமானக் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். அக்காவை முன்னால் வந்து உட்கார விடுவீர்களா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். இந்தப் படுக்கையை அக்கா பேருக்கு மாற்றுவீர்களா என்றேன். பேர் மாற்ற முடியாதாம். உன் பக்கத்து சீட் காலியா என்று கேட்டேன். "போறதுலயும் வர்றதுலயும் நடு சீட் காலியாதான் இருக்கு மேடம்" என்றாள் அந்தப் பெண். உன் நல்ல பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது.

படுக்கையை ரத்து செய்துவிட்டேன். டிக்கெட் என் பேரில், நீ அனுப்பிய தாளில் எண் இருக்கிறது, அதுவே போதுமாம். பாயிண்ட் உன் கணக்குக்குத் திரும்பி வரும். முழுசாக வராது, அபராதம் என்று ஐந்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம், இந்த மாதிரி சீட் திரும்பக் கிடைக்காது" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். யோசித்துவிட்டேன் என்றேன். உன் பக்கத்து நடு சீட்டைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். கார்டில் தேய்க்கவில்லை. வீட்டுக்காரர் நோட்டாக எடுத்துக் கொடுத்தார், அவசரத்தில் டவுனில் இருக்கிற ஏஜென்ட்டிடம் போய்க் கட்டிவிட்டேன். அதற்கு ஒரு பாயிண்ட்கூட விழாது.

சாக்ஸ் வாங்கிவிட்டேன். கால் வலித்தால் உன் மடியில் போட்டுக்கொள்வேன். மேனேஜரிடம் நம் இருவர் பேரையும் கொடுத்தாயிற்று.

நீ இப்போது இதைப் படித்துக்கொண்டு என்ன சொல்லிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதி அனுப்பாதே. பதினோரு மணி நேரம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து திட்டு.

சிறுசு